எபெனேசர் சபையின் ஆர்கன் பெஞ்ச்: ஆல்பெர்டா வில்லியம்ஸ் கிங் பற்றி ஒரு விவாத இழை

மணிக்கூண்டு · மார்ச் 4, காலை 7.10

மார்ட்டின் லூதர் கிங்கோட தாத்தா போதகர், அப்பா போதகர், அவரும் போதகர். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த மூணு பேர் வரிசைதான். அம்மா ஆல்பெர்டாவுக்கு ஒரு பத்தி கிடைச்சா அதிகம்: அமைதியானவர், ஆர்கன் வாசிச்சார், கோயிலுக்குள்ளேயே சுடப்பட்டார். நம்ம ஊர் ஐயரம்மா (போதகரோட மனைவி) மாதிரி வீட்டையும் பெண்கள் ஐக்கியத்தையும் பார்த்துக்கிட்டவர்தானே? தனியா பேச என்ன இருக்கு?

இரண்டாம்வரிசை · மார்ச் 4, காலை 9.35

நிறைய இருக்கு. ஐயரம்மா ஒப்பீடு இங்கே பாதிதான் பொருந்தும்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஐயரை நியமிப்பது டயோசிஸ், அதாவது பேராயரின் கீழுள்ள மண்டலம். சில வருஷத்தில் இடமாற்றம் வரும், ஐயரம்மாவும் பெட்டி கட்டுவார். பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பேராயர் கிடையாது. அங்கத்தினர்கள் கூடி வாக்களித்து ஒரு போதகரை அழைக்கிறார்கள், வேண்டாமென்றால் அதே வாக்கால் அனுப்புகிறார்கள். கட்டடம், கடன், சம்பளம் எல்லாம் சபையாரின் பொறுப்பு. அதனால் போதகர் யார் என்பதைப்போலவே, போதகர்கள் மாறும்போதும் மாறாமல் இருப்பது யார் என்பதும் அங்கே பெரிய கேள்வி. எபெனேசரில் அப்படி இருந்தவர் ஆல்பெர்டா.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவர் அப்பா ஆடம் டேனியல் வில்லியம்ஸ் அட்லாண்டாவின் எபெனேசர் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக வந்தது 1894 மார்ச் 14. அப்போது அங்கத்தினர் 13 பேர். ஆல்பெர்டா அந்த வீட்டில் பிழைத்த ஒரே பிள்ளை. ஸ்பெல்மனில் பள்ளிப்படிப்பு, வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் 1924-இல் ஆசிரியர் சான்றிதழ். அவரைக் கட்டிக்கொண்டவர், அதாவது மார்ட்டினின் அப்பா, ஸ்டாக்பிரிட்ஜ் கிராமத்துக் குத்தகை விவசாயியின் மகன். அட்லாண்டாவுக்கு வந்து பள்ளியில் சோதித்தபோது அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்பு அளவில்தான் இருந்தது. அவர் மேலே படிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களில் ஆல்பெர்டாவும் ஒருவர். 1926 நவம்பர் 25, நன்றி தெரிவிக்கும் நாளில், எபெனேசரிலேயே கல்யாணம். மாப்பிள்ளை வந்து சேர்ந்தது பெண் பிறந்து வளர்ந்த சபைக்கு, பெண்ணின் பெற்றோர் வீட்டு மாடிக்கு.

அட்லாண்டா பள்ளி வாரியம் அந்நாளில் மணமான பெண்களை ஆசிரியராக வைத்துக்கொள்ளாது. கையில் சான்றிதழ் இருந்தும் ஆல்பெர்டா வேலையை விட்டார். அதே வருஷம் கணவர் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

மணிக்கூண்டு · மார்ச் 4, மதியம் 1.02

அப்போ மாமனார் பதவி மருமகனுக்குன்னு நேரா போயிடுச்சா? அது நம்ம ஊர்லயும் நடக்கிறதுதான்.

இரண்டாம்வரிசை · மார்ச் 4, மதியம் 2.20

நேராகப் போகாது, சபை அழைக்க வேண்டும். வில்லியம்ஸ் இறந்தது 1931 மார்ச் 21. மருமகன் பொறுப்பேற்றது அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில். இடையில் மாதங்கள் ஓடின. இளம் மருமகனைச் சபை ஏற்றதற்கு, போதகரின் விதவை ஜென்னியும் மகள் ஆல்பெர்டாவும் அதே பெஞ்சுகளில் அதே ஜனங்களோடு இருந்தது உதவாமல் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அடுத்த வருஷமே, 1932-இல், ஆல்பெர்டா ஆர்கனில் உட்கார்ந்தார். பாடகர் குழுவான குவயரையும் கட்டினார். 1972 வரை அந்த இடம் அவருடையது. கணவரின் பிரசங்கத்துக்கும், 1960 முதல் இணைப் போதகராக இருந்த மூத்த மகன் மார்ட்டினின் பிரசங்கத்துக்கும், 1968-இல் அந்த இடத்துக்கு வந்த இளையவர் ஆல்ஃப்ரெட் டேனியலின் பிரசங்கத்துக்கும் அதே கைதான் வாசித்தது.

சுரத்தட்டு · மார்ச் 5, இரவு 10.48

"ஆர்கன் வாசித்தார்" என்று இரண்டு சொல்லில் தாண்டிப் போவதால்தான் இந்தக் குழப்பம். கறுப்பின பாப்டிஸ்ட் ஆராதனையில் ஆர்கனிஸ்ட் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நாலு சரணம் வாசித்து மூடுவதோடு வேலை முடியாது. ஜெபத்துக்கு அடியில் மெல்லிய சுரம் ஓட வேண்டும். ஜெபிப்பவர் எந்தச் சுருதியில் இழுக்கிறாரோ அதைக் காதால் பிடித்து அங்கே போய்ச் சேர வேண்டும். தலைகீழாகச் செய்து அவரை உன் சுருதிக்கு இழுத்தால் அவர் தடுமாறுவார், சபையும் தடுமாறும். காணிக்கைக்குப் பல சபைகளில் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் நடந்து வந்து போடுவார்கள். கடைசி வரிசை திரும்பி உட்காரும்வரை நடைக்கு ஏற்ற தாளம் நிற்கக் கூடாது. வேகம் கூடினால் வயதானவர்களுக்குக் கஷ்டம், குறைந்தால் நடைபாதையில் நெரிசல்.

எல்லாவற்றிலும் கடினமானது பிரசங்கத்துக்குப் பின் வரும் அழைப்பு. "சபையின் கதவுகள் திறந்திருக்கின்றன" என்று போதகர் சொல்வார். சபையின் உதவிப் பொறுப்பாளர்களான டீக்கன்கள் முன்னால் நாற்காலிகளைப் போடுவார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வருபவர் ஞானஸ்நானத்துக்காக வரலாம், வேறு பாப்டிஸ்ட் சபையிலிருந்து கடிதத்தோடு வரலாம், முன்பே முழுக்கு பெற்றவர் தம் அனுபவத்தை வாயால் அறிக்கையிட்டுச் சேரலாம். யாராவது எழுந்து வருவார்களா என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டு எத்தனை சரணம் ஓடும் என்பதும் தெரியாது. ஆர்கனிஸ்டின் ஒரு கண் போதகர் கையில், ஒரு கண் நடைபாதையில். ஆள் எழுந்தால் சத்தத்தை உயர்த்தக் கூடாது, கூச்சத்தில் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அரைச் சுரம் மேலே ஏற்றி அடுத்த சரணம்.

சிறுவன் மார்ட்டின் இப்படி ஓர் அழைப்பில்தான் சபையில் சேர்ந்தார். அக்கா கிறிஸ்டீன் முதலில் எழுந்து போனார், அவர் முந்திவிடக் கூடாதே என்று பின்னாலேயே போனதாக இறையியல் மாணவராக இருந்தபோது தாமே எழுதி வைத்திருக்கிறார்.

சுரத்தட்டு · மார்ச் 5, இரவு 11.15

மேலே விட்டுப்போனது. மின்சாரத்தில் ஓடும் ஹாம்மண்ட் ஆர்கன் வந்தது 1935-இல். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு அது பெரிய வரம். பழைய ஹாம்மண்டில் ஒரே ஸ்விட்ச் கிடையாது, ஸ்டார்ட் தனி, ரன் தனி. ஸ்டார்டை ஏறக்குறைய 8 விநாடி அழுத்திப் பிடித்து, விடாமலே ரன்னைப் போட்டு, இன்னும் 4 விநாடி இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் மோட்டார் சரியான வேகத்தைப் பிடிக்காமல் நின்றுவிடும், முதல் பாட்டுக்குச் சத்தமே வராது. ஆராதனை தொடங்கும்போது ஆர்கனிஸ்ட் ஓடி வந்தால் என்ன ஆகும் என்று இப்போது புரியும்.

வேம்படி · மார்ச் 6, காலை 6.30

ஒரு திருத்தம், யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால். பிறந்த நாள் செப்டம்பர் 13. ஆண்டை 1903 என்றும் 1904 என்றும் இரண்டு விதமாகப் போடுகிறார்கள். அதனால் இறந்தபோது வயது 69 என்றும் 70 என்றும் பார்ப்பீர்கள். எதையாவது எடுத்தாளும்போது ஆண்டையும் வயதையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள், கலந்தால் கணக்கு உதைக்கும்.

இரண்டாம்வரிசை · மார்ச் 6, மாலை 5.50

"பெண்கள் ஐக்கியத்தைப் பார்த்துக்கொண்டார்" என்பதற்கு வருகிறேன். அந்த அமைப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டோம்.

கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளின் நாடளாவிய கூட்டமைப்பான தேசிய பாப்டிஸ்ட் கன்வென்ஷனின் பெண்கள் பிரிவு 1900-இல் ரிச்மண்டில் உருவானது. நானி ஹெலன் பரோஸ் என்ற இளம்பெண், சகோதரிகள் உதவ முன்வந்தும் எப்படித் தடுக்கப்படுகிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் பேசினார். ஆண்டில் ஒரு ஞாயிறு பெண்கள் ஞாயிறாக இருக்க வேண்டும், அன்று உள்ளூர்ப் பெண்களே மேடையேறிப் பேசிப் பழக வேண்டும் என்று 1906-இல் முன்மொழிந்தவரும் அவர்தான். காணிக்கை சேர்ப்பது அவருக்கு இரண்டாவது நோக்கம்தான். பல சபைகளில் பிறகு அது முதலாவதாகிவிட்டது, அந்த மாற்றம் அவருக்கே வருத்தம் தந்தது. இந்தப் பிரிவின் தேசிய மாநாடுகளுக்கு 1950 முதல் 1962 வரை ஆர்கனிஸ்ட் ஆல்பெர்டா. 1948-இலிருந்து 1961-இல் இறக்கும்வரை தலைவர் பரோஸ். 1954-இல் செயிண்ட் லூயிஸ் மாநாட்டில் பேச 25 வயது மார்ட்டினை அழைத்ததும் பரோஸ்தான். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, நாட்டுக்கு அவர் பெயர் தெரியாது. அந்த மேடைக்கு அவர் ஆல்பெர்டாவின் மகனாகத்தான் போனார் என்று நான் சொல்வேன்.

1961 நவம்பரில் கன்வென்ஷன் உடைந்தது. கிங்குகள் புதிய முற்போக்குப் பிரிவோடு போனார்கள். மறுவருஷத்தோடு ஆல்பெர்டாவின் மாநாட்டு ஆர்கன் வேலையும் முடிந்தது. ஆண்கள் தலைமைச் சண்டையில் பிரியும்போது, பெண்கள் அறுபது வருஷம் கட்டிய உறவுகளும் சேர்ந்துதான் அறுந்தன. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேம்படி · மார்ச் 6, இரவு 8.05

பெண்கள் ஞாயிறு என்றதும் சொல்ல வேண்டியது: ஆல்பெர்டாவின் அம்மா ஜென்னி இறந்ததே ஒரு பெண்கள் ஞாயிறில்தான். 1941 மே 18. மவுண்ட் ஆலிவ் பாப்டிஸ்ட் சபையில் பேசப் போயிருந்தார், பேசுவதற்கு முன்பே மாரடைப்பு. எபெனேசரின் மிஷனரிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ஒரு வீட்டில் இரண்டு தலைமுறைப் பெண்கள், இருவருக்கும் சாவு வந்தது சபை வேலையில் இருக்கும்போது.

பாட்டியின் சாவு மார்ட்டினைப் படுத்திய பாடு பலருக்குத் தெரியும். சொல்லாமல் ஊர்வலம் பார்க்கப் போயிருந்த 12 வயதுப் பையன், தன்னால்தான் இப்படி ஆனது என்று எண்ணி மாடி ஜன்னலிலிருந்து குதித்தார். ஆல்பெர்டாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரே நாளில் தாயின் உடலும், குதித்துவிட்ட மகனும்.

மணிக்கூண்டு · மார்ச் 7, காலை 8.00

எங்க சபையிலயும் பெண்கள் ஞாயிறு வருது. அங்கே எப்படி ஏற்பாடு செய்வாங்கன்னு யாராவது சொல்லுங்களேன், உதவும்.

இரண்டாம்வரிசை · மார்ச் 7, காலை 10.40

சபைக்குச் சபை மாறும். பரவலாக உள்ள முறை இது. தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர். அங்கத்தினர்களைப் பிறந்த மாதத்தின்படி 12 குழுவாகப் பிரிப்பார்கள், குழுவுக்கு ஒரு கேப்டன். உறவுக்காரர், பணக்காரர், படித்தவர் என்று தாமாகவே ஒதுங்கிப்போவதை இந்த மாதக் கணக்கு உடைத்துவிடும், அதுதான் இதன் நன்மை. ஒவ்வொரு குழுவுக்கும் காணிக்கை இலக்கு, பெயர் எழுதிய உறை. உறை பெண்கள் ஞாயிறுக்கு நாலு வாரம் முன்பே கைக்குப் போக வேண்டும். முந்தின வாரம் கொடுத்தால் பாதிதான் திரும்பும், ஏனென்றால் கூலி வாங்கும் வீட்டில் ஒரே தடவையில் எடுத்துக் கொடுக்க முடியாது.

பெண்கள் மட்டும் பாடும் குவயருக்கு ஆறு வாரமாவது பயிற்சி. எல்லாரும் உச்சக் குரலான சோப்ரானோவில் போய் நிற்பார்கள், அதற்குக் கீழான ஆல்டோ மெலிந்துவிடும், இன்னும் தாழ்ந்த டெனாருக்கு ஆளே இருக்காது. கட்டைக் குரல் உள்ள அம்மாமார்களை முதல் வாரமே கண்டுபிடித்து டெனாரில் நிறுத்திவிட வேண்டும். எல்லாரும் வெள்ளை உடை. புது உடை வாங்க வசதியில்லாதவர் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதால் வெள்ளை பிளவுசும் போதும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். பேச்சாளர் வெளிச் சபைப் பெண்ணாக இருந்தால், அவருக்கு நேரம் எவ்வளவு, வழிச்செலவு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தெரிவிப்பது வழக்கம். வாய்ச்சொல்லாக விட்டால் அங்கேதான் மனக்கசப்பு வரும்.

சுரத்தட்டு · மார்ச் 7, மதியம் 12.25

திருவிருந்துத் தயாரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் மூத்த பெண்களின் பொறுப்புதான். பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு. திராட்சைச் சாறு, புளித்தது கிடையாது. ஒரு தட்டில் பொதுவாக 40 சின்னக் கிண்ணங்கள். முக்கால் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது, ஒரு தட்டுக்கு 350 மில்லி தாராளம். விளிம்புவரை ஊற்றினால் வரிசையில் கைமாறும்போது வெள்ளை விரிப்பில் சிந்தும். கறை பட்டதும் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் ஊற்றினால் நிறம் இறுகிவிடும். தட்டை நிரப்பிய பிறகு நகர்த்தாமல், மேசைமேலே வைத்தே நிரப்புவது நல்லது.

முழுக்கு ஞானஸ்நானத்துக்கு அங்கியின் கீழ்மடிப்பில் எடைத்துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி பலூனாய் மேலே எழும்பும், பெண்பிள்ளைகள் கூசிப்போவார்கள். இந்தத் தையலையெல்லாம் எந்த வரலாற்றாசிரியரும் எழுத மாட்டார்.

வேம்படி · மார்ச் 9, இரவு 9.30

புகழ்ச்சி மட்டும் போதாது, 1939-ஐயும் பேசுவோம். அந்த டிசம்பரில் அட்லாண்டாவில் பெரிய ஹாலிவுட் படம் ஒன்றின் வெளியீட்டு விழா. அதையொட்டி வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு நடன விருந்து. அங்கே எபெனேசர் குவயர் அடிமைகள் வேஷத்தில் பாடியது. நடத்தியவர் ஆல்பெர்டா. வேஷம் போட்டவர்களில் 10 வயது மார்ட்டினும் உண்டு. கறுப்பினப் போதகர்கள் இதைக் கண்டித்தார்கள்.

இரண்டாம்வரிசை · மார்ச் 10, காலை 7.45

கண்டித்தது நியாயம் என்றே நினைக்கிறேன். முதலில் குவயருக்கு ஒரு பெரிய மேடை கிடைத்தது என்றுதான் அதைப் பார்த்தேன். ஆனால் உள்ளே விருந்தாளியாக நுழைய முடியாத மண்டபத்தில், தாத்தா பாட்டி அனுபவித்த அடிமைத்தனத்தை அலங்காரமாக்கிப் பாடுவது வேறு விஷயம். அதே ஆல்பெர்டாதான், ஆறு வயது மார்ட்டினை வெள்ளைத் தோழன் வீட்டில் விளையாட விடாதபோது, அடிமைத்தனத்தின் கதையையும் நிறப்பாகுபாட்டையும் மடியில் வைத்து விளக்கி, நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று சொன்னவர். இரண்டும் ஒரே பெண் செய்தவை. ஒன்றை வைத்து மற்றதை மறைக்க வேண்டாம்.

இரண்டாம்வரிசை · மார்ச் 10, காலை 8.10

வீட்டுப் பக்கம் ஒரு சின்ன விவரம். மார்ட்டின் இறையியல் பள்ளியில் இருந்தபோது, 1948 அக்டோபரில், அம்மாவுக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. தொடக்கமே "மதர் டியர்". வாராவாரம் 5 டாலர் தவறாமல் வந்து சேர்வதைக் குறிப்பிடுகிறார். 1938-இல், மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே, மோரிஸ் பிரவுன் கல்லூரியில் பட்டம் வாங்கிய தாய்க்கு, படிக்கும் பிள்ளைக்கு என்ன தேவை என்று யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மணிக்கூண்டு · மார்ச் 12, மாலை 6.15

1972-ல ஓய்வுன்னு மேலே போட்டிருக்கீங்க. அப்புறம் 1974-ல எப்படி ஆர்கன்ல இருந்தார்?

சுரத்தட்டு · மார்ச் 12, இரவு 9.00

ஓய்வு பெற்ற ஆர்கனிஸ்ட் சபையை விட்டுப் போவதில்லை, தேவைப்படும்போது உட்காருவார். 1974 ஜூன் 30 ஞாயிறும் அப்படித்தான். பரமண்டல ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, 23 வயது வெளியூர் இளைஞன் ஒருவன் முன்வரிசையிலிருந்து எழுந்து சுட்டான். ஆல்பெர்டாவும் டீக்கன் எட்வர்ட் பாய்க்கினும் இறந்தார்கள், இன்னொரு பெண் காயப்பட்டார். தலை குனிந்து ஜெபிக்கிற நேரம். ஆர்கனிஸ்டின் இரண்டு கையும் கட்டையில், காலும் பெடலில்.

வேம்படி · மார்ச் 12, இரவு 9.40

ஆறேகால் வருஷத்துக்குள் அந்தக் குடும்பம் பட்டதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1968 ஏப்ரல் 4 மார்ட்டின். 1969 ஜூலை 21 ஆல்ஃப்ரெட் டேனியல், நீச்சல் குளத்தில். இரண்டு மகன்களையும் அடக்கம் செய்தபிறகும் ஆல்பெர்டா மூன்று ஆண்டு ஞாயிறுதோறும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கொலையாளிக்கு முதலில் மரண தண்டனை விதித்தார்கள். கிங் குடும்பம் மரண தண்டனையை எதிர்த்ததும் ஒரு காரணமாக, 1995-இல் அது ஆயுள் தண்டனையாயிற்று.

இரண்டாம்வரிசை · மார்ச் 13, காலை 7.20

மணிக்கூண்டு சொன்ன மூன்று ஆண்கள் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை வைக்கலாம். 1881-இல் அட்லாண்டாவின் ஃப்ரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் சபையின் நிலவறையில் இரண்டு வெள்ளை பாப்டிஸ்ட் பெண்கள், பாக்கர்டும் கைல்ஸும், கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளிதான் ஸ்பெல்மன். ஜென்னி அங்கே படித்தார். ஆல்பெர்டா அங்கே படித்தார். கிறிஸ்டீன் அங்கே 1948-இல் பட்டம் பெற்று, பிறகு அங்கேயே பல்லாண்டு பேராசிரியராக இருந்தார், 2023-இல் மறைந்தார். தாய், மகள், பேத்தி. இந்த வரிசைக்கு வாக்கெடுப்பும் கிடையாது, பிரசங்க பீடமும் கிடையாது. ஆனால் படிப்பும் பாட்டும் சபைப் பழக்கமும் அந்த வீட்டில் இந்த வழியாகத்தான் இறங்கி வந்தன.

மணிக்கூண்டு · மார்ச் 13, மதியம் 1.30

சரி, ஒத்துக்கிறேன். எங்க பெண்கள் ஞாயிறு பேச்சுக்கு இவரையே எடுத்துக்கப் போறேன். 15 நிமிஷம்தான் இருக்கு. அக்கா அட்லாண்டாவுலதான் இருக்காங்க, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா எங்கெங்கே போகச் சொல்லலாம்?

வேம்படி · மார்ச் 13, மாலை 4.05

பேச்சில் 1974-க்கு இரண்டு நிமிஷம் போதும். கொலையாளி பெயர் வேண்டாம், டீக்கன் பாய்க்கின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அக்காவிடம் மூன்று இடம் சொல்லுங்கள். 501 ஆபர்ன் அவென்யூ, மூன்று பிள்ளைகளும் பிறந்த வீடு. வில்லியம்ஸ் 1909-இல் வாங்கியது. வீட்டுக்குள் போகத் தேசியப் பூங்காத் துறையின் சுற்றில்தான் முடியும், அது நடக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். அதே தெருவில் நடந்து போகும் தூரத்தில் பழைய எபெனேசர் ஆலயம், செங்கல் கட்டடம். சபை 1999-இல் எதிர்ப்புறப் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டதால், ஞாயிறு ஆராதனைக்குப் போனால் புதியதற்கு, ஆல்பெர்டா வாசித்த ஆலயத்தைப் பார்க்கப் பழையதற்கு. கல்லறை மட்டும் ஆபர்ன் அவென்யூவில் இல்லை. மார்ட்டினின் கல்லறைதான் 1970-இல் அங்கே மாற்றப்பட்டது. ஆல்பெர்டாவுக்கு நகரத்தின் தெற்கே சவுத்வியூ கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும், கார் இல்லாமல் சிரமம்.